புரூனோவுக்கு வைத்த களி

1

ஈப்போவில் இருக்கும் என் அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வாள். போன வாரம் பேசும்போது, "நீ அங்க போயி பத்து வருசம் ஆயிருச்சு, தெரியுமா?" என்றாள். எனக்கு அது நினைவில்லை. அப்போது ஒரு கையில் கீரைக்கட்டும் இன்னொரு கையில் போனுமாக வாசலில் நின்றிருந்தேன்.

"சிக்கனமா குடும்பம் நடத்துறேன்னு சொல்றியே, எப்படின்னு எழுதேன். இங்க ஞாயித்துக்கெழம பேப்பர்ல போடுவாங்க" என்றாள்.

எழுதலாம்தான். ஓசூர் உழவர் சந்தைக்குக் காலையில் போகாமல் பன்னிரண்டு மணிக்குப் போனால், ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் பாகலூர் விவசாயிகள் கீரையைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். உடைந்த முட்டைகோசுக்கு விலையே இல்லை, கேட்டால் பையில் போடுவார்கள். புளியைப் பங்குனியில் வாங்கிக் கொட்டை எடுத்து வைத்தால் வருடம் முழுக்க வரும். குழந்தையின் பள்ளி வேனை நிறுத்திவிட்டு நானே நடத்திக் கூட்டிப்போகிறேன். மத்தியானம் சந்தைக்குப் போய்விட்டு, அப்படியே பள்ளிக்குச் சுடச்சுடச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடித்த பிறகு வீடு திரும்ப இரண்டரை ஆகும்.

இதையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் சிக்கனம் என்று எழுத உட்கார்ந்தாலே இந்த வருடத் தொடக்கத்தில் வந்த ஒரு மத்தியானம்தான் கண்முன் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய் சொன்னது போலாகும்.

2

என் கணவர் மாதேஷ் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் லேத் வேலைக்கு வந்தார். அதே தொழிற்சாலையில் நான் பொருள்களைப் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் திருமணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டோம். வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில் ஒரு வீடு. ஓசூரில் லாரிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை.

தமிழ் பேசும் ஊர்தானே, பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். வந்த முதல் மாதமே சறுக்கினேன். பக்கத்து வீட்டு ரத்னம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நம் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நாங்க ஒண்ணும் பசில கெடக்கலம்மா. எங்க வூட்டுக்காரரு லாரி ஓட்டி நல்லாத்தான் போடறாரு" என்றாள்.

காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு இங்கே அந்தச் சொல் இல்லை என்பது என் கணவர் வந்து விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. ரத்னம்மாவுக்குத் தெலுங்குதான் வீட்டு மொழி. தமிழும் கன்னடமும் சரளம். நான் பேசுவது எந்தத் தமிழ் என்று அவளுக்குப் பல நாள் சந்தேகம். பிறகு சிரித்துப் பழகி, 'மலேசியாக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். காம்பவுண்டு முழுக்க அதுவே என் பெயர் ஆனது.

என் மகள் ஷாலினிக்கு ஒன்பது வயது. தெருவில் கன்னடம், கடையில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். வீட்டில் மட்டும் தமிழ், அதுவும் அவள் அப்பாவின் தமிழ். என் பேச்சு அவளுக்கு வேடிக்கை. "அம்மா, என் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி நீ பேசாத" என்று ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, குடை எடுத்துக்க என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

ரேஷன் கார்டில் அவர் பெயரும் ஷாலினி பெயரும் இருக்கின்றன. என் பெயர் இல்லை. "நீங்க வேற நாட்டு பாஸ்போர்ட்மா, உங்களச் சேர்க்க முடியாது" என்றார்கள். அந்த அட்டையைப் பொறுத்தவரை இந்த வீட்டில் உண்பவர்கள் இரண்டு பேர்தான். உண்மையில் நாங்கள் மூன்று பேர், ஒரு நாய்.

3

நாய் வந்த கதை சின்னது. எதிரே மாடி வீட்டில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரருக்குப் புனேவுக்கு மாற்றல். லாப்ரடார் நாயைக் கொண்டுபோக முடியவில்லை. ஷாலினி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அரைப் பை நாய்த் தீனியோடும், ஒரு தட்டோடும் புரூனோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும். "பா இல்லி" என்றால் வரும். "வா" என்றால் வேறு பக்கம் பார்க்கும். நான் கன்னடம் கற்க ஆரம்பித்ததே அதனிடம் பேசத்தான்.

பை காலியானதும் புதுப் பை விலை விசாரித்தேன். எங்கள் மூவரின் பத்து நாள் காய்கறிச் செலவு அது. கோழிக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "ராகிக் களி கிண்டி, கோழிக் கால், கழுத்து வேகவச்சு எலும்ப உருவிட்டுக் கலந்து போடும்மா. உப்பு, வெங்காயம் ஆகாது. இங்க தோட்டத்துல காவல் காக்குற நாயெல்லாம் அதத் தின்னுதான் இருக்குது." கோழிக் காலை இங்கே பெரும்பாலும் குப்பையில் போடுகிறார்கள். ஈப்போவில் சீனர் கடையில் கோழிக்கால் சூப்புக்குக் காசு கொடுத்துக் காத்திருந்தவள் நான். ஒரு ஊரில் மனிதன் வரிசையில் நின்று வாங்குவது இன்னொரு ஊரில் நாய்க்குப் போகிறது. அப்போது இதை ஒரு வேடிக்கையாக மட்டும்தான் நினைத்தேன். நாய்க்கு வாங்கியதில் நாலு காலை எடுத்து எனக்கும் சூப்பு வைத்துக்கொண்டேன்.

களி கிண்டத்தான் எனக்குத் தெரியாது. ரத்னம்மாவைக் கேட்டேன். அவள் தன் மரத்துடுப்போடு வந்து, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு நான் அதை எடுத்துக்கொண்டுபோய் நாய்த் தட்டில் பிய்த்துப் போட்டேன்.

"நாய்க்கா?" என்றாள்.

"ஆமா. பாக்கெட்டு தீனிக்குக் கட்டுப்படி ஆகல."

அவள் துடுப்பைக் கழுவி எடுத்துக்கொண்டாள். "எங்க வூட்ல காலைல இதத்தான் தின்னுட்டு எல்லாரும் வேலைக்குப் போறோம். மொதல்லயே சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கணவரிடம் சொன்னபோது அவர் வேறு விதமாகக் கோபப்பட்டார். சிறு வயதில் மூன்று வேளையும் களி தின்றவர் அவர். பள்ளியில் சோறு கொண்டுவரும் பிள்ளைகளிடமிருந்து தள்ளி உட்கார்ந்து தின்றிருக்கிறார். முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து களியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டவர். "நாய்க்குன்னா பின்னாடி ஸ்டவ்வுல கிண்டிக்க. வூட்டுக்குள்ள அந்த வாசனையே வரக்கூடாது" என்றார். பின்கட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான் தினமும் கிண்டினேன். பானையை அங்கேயே வைத்துவிட்டுப் போனால் மத்தியானம் புரூனோ தானே தின்றுகொள்ளும்.

4

போன வருடக் கடைசியில் லாரி விற்பனை படுத்துவிட்டது. அமெரிக்காவில் ஏதோ ஆனதற்கு இங்கே ஏன் மெஷின் நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. முதலில் ஓவர்டைம் போயிற்று. பிறகு வாரத்தில் நான்கு நாள் வேலை என்றார்கள். அவர் வழக்கம்போலக் காலை ஆறரைக்குக் கிளம்பிப் போனார், மாலை வந்தார். மதியச் சாப்பாடு எப்போதும் கம்பெனி கேன்டீனில்தான். அதனால் டப்பா கட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு இருந்ததில்லை.

பொங்கல் கழிந்து சில வாரங்களில் புரூனோ இளைத்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மாலையில் நான் நுழைந்தாலே பானையை முகர்ந்துகொண்டு கூடவே சுற்றியது. வயிற்றில் பூச்சி என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மாத்திரைக்குப் பிறகும் அது இளைத்துக்கொண்டுதான் போனது.

வருடத்துக்கு ஒருமுறை நான் என் பாஸ்போர்ட்டோடு கிருஷ்ணகிரிக்குப் போய் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு இதற்குத் தருமபுரி வரை போனேன். மாவட்டம் பிரிந்த பிறகு பயணம் குறைந்தது, காகிதம் குறையவில்லை. திருமணச் சான்று, வாடகை ஒப்பந்தம், கணவரின் சம்பளச் சீட்டு, நான்கு நகல், ஆறு புகைப்படம். ஒரு வருடம் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த முறை அந்த மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டபோது அவர், "பழசே போதும், அத வச்சிக் குடு" என்றார். நானும் யோசிக்கவில்லை.

கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிய அன்று ஷாலினிக்குச் சோற்றைக் காலையிலேயே கட்டிக் கொடுத்துவிட்டு, வீடு திரும்ப மாலையாகும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பு. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார் வாசலில் இருந்தவர். திரும்பும் பஸ்ஸில் எனக்கு வருத்தமே வரவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் அதற்கு இரண்டு மாதம் முன்பே, "புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துருலா, மாப்பிள்ளைக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை முத்திரை விழாமல் போனால் போகட்டும், ஊருக்குப் போய்விடலாம் என்று சூளகிரி தாண்டும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டை அடைந்தபோது மணி ஒன்று. வெளியே பூட்டு இல்லை. உள்ளே போனால், சமையலறைத் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். முன்னால் புரூனோவுக்காக நான் காலையில் கிண்டி வைத்த அலுமினியப் பானை. அதிலிருந்து களியைப் பிய்த்து வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியில் புரூனோ காலி தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"போன காரியம் ஆகலையா?" என்றார்.

"ஆபீசர் லீவு."

"ம்."

"அது புரூனோவுக்கு வச்சது."

"தெரியும்."

"அதுல உப்புகூட இல்லீங்க."

"தெரியும். மூணு வாரமாத் திங்கறேன்."

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் கையில் இருந்ததை விழுங்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கறியெல்லாம் அதுக்கே போட்டுட்டேன். களியிலயும் பாதி வச்சிட்டுத்தான் தின்னேன்."

நாய் ஏன் இளைத்தது என்பது அப்போது புரிந்தது. நான் பூச்சி மாத்திரை வாங்கியது ஞாபகம் வந்தது. எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்துக் களியில் தொட்டுக்கொண்டார்.

"எப்ப நிறுத்துனாங்க?"

"பொங்கலுக்கு அப்புறமே. வேல வந்தாக் கூப்பிடறோம்னாங்க. ஜூஜுவாடியிலேர்ந்து அத்திப்பள்ளி வரைக்கும் ஒரு கம்பெனி கேட்டு விடாமக் கேட்டுட்டேன். நீ சந்தைக்குப் போற நேரம் வந்து தின்னுட்டு மறுபடியும் போயிடுவேன்."

"சோறு இருந்துச்சே. அதைச் சாப்பிட்டிருக்கலாமே."

"சோறு கொறஞ்சா உனக்குத் தெரிஞ்சிடும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

பானையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "சொன்னா நீ உங்கண்ணனுக்கு போன் பண்ணுவ. அவரு டிக்கெட் அனுப்புவாரு. புள்ளையோட போனீன்னா நீ திரும்பி வரமாட்ட" என்றார்.

பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டு வந்ததை யாரோ அவரிடம் போய்ச் சொல்லிவிட்டது போல இருந்தது. "அண்ணன் ஏற்கெனவே கூப்பிட்டாருங்க" என்றேன். "நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் தலையசைத்தார். புரூனோ வந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது.

5

அன்று மாலை முதன்முறையாக வீட்டுக்குள், கேஸ் அடுப்பில், எங்களுக்காகக் களி கிண்டினேன். முருங்கைக்கீரை பறித்து வேகவைத்து, அந்தத் தண்ணீரில் உப்புச்சாறு வைத்தேன். தட்டைப் பார்த்ததும் ஷாலினி, "இது புரூனோ சாப்பாடு" என்றாள்.

"ஆமா" என்றார் அவர்.

"நீயும் அதச் சாப்பிடறியா?"

"உன் வயசுல எனக்கு வேற எதுவும் கெடைக்காது பாப்பா."

"எனக்கு வேணாம்."

நான் அவளை அதட்டப் போனேன். அவர் கையால் தடுத்தார். "அவ திங்கணும்னு ஒண்ணும் இல்ல. சோறு போடு" என்றார். அவளுக்கு ரேஷன் அரிசிச் சோறும் அதே சாறும் போட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அதனிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே தின்றாள். என்ன சொன்னாள் என்று முழுதும் எனக்குப் புரியவில்லை. 'அப்பா' என்ற சொல் இரண்டு முறை வந்தது.

இன்றுவரை ஷாலினி களி தின்றதில்லை. இனியும் தின்பாளா என்று தெரியாது. அவர் அம்மாவின் உணவு அவருக்கு வெட்கமாகிப் பிறகு மறுபடி உணவானது. என் அம்மாவின் சம்பால், அந்த மிளகாய்த் துவையல், என் மகளுக்குக் காரம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்தப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும், எதைத் தள்ளும் என்பது தட்டு வைக்கும்போது தெரிவதில்லை.

மறுநாள் ரத்னம்மா வீட்டுக்குப் போனேன். துடுப்பு கேட்பது போல ஆரம்பித்து, பிறகு நேராகவே சொன்னேன்: "அவருக்கு வேலை இல்ல. இப்ப நாங்களும் களிதான் சாப்பிடறோம். அன்னிக்கு நான் அப்படிச் செஞ்சது தப்பு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேற இல்லாததால திங்கறீங்களா, புடிச்சுத் திங்கறீங்களா?"

"இல்லாததாலதான். ஆனா அவருக்கு இப்பப் புடிச்சிருக்கு."

"உனக்கு?"

"எனக்குத் தொண்டையிலயே நிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ அத மெல்லறியா? மெல்லக் கூடாது மலேசியாக்கா. சாறுல தொட்டு அப்படியே முழுங்கணும்" என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கொள்ளுச்சாறு ஒரு சொம்பு கொடுத்தனுப்பினாள்.

அண்ணனுக்கு நான் போன் செய்தேன். என் கணவரும் பக்கத்தில்தான் நின்றார். "இப்போதைக்கு வரலண்ணே" என்றேன். அண்ணன் திட்டினார். நான் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் கிருஷ்ணகிரிக்குப் போய் முத்திரையும் வாங்கி வந்தேன்.

6

மாசி கடைசியில் அத்திப்பள்ளியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. கேன்டீன் கிடையாது. முதல் நாள் சோறும் பருப்பும் கட்டிக் கொடுத்தேன். மாலை வந்ததும், "நாளைக்குக் களி கட்டு. சோறு தின்னா மூணு மணிக்கே பசிக்குது" என்றார்.

"கூட வேலை செய்யறவங்க ஏதாச்சும் நெனச்சா?"

"நெனைக்கட்டும்."

இரண்டு உருண்டை வைத்து, கீரையைக் கடைந்து தனியாகக் கட்டினேன். அங்கே தேனிக்காரர் ஒருவரும் திருநெல்வேலிக்காரர் ஒருவரும் இருக்கிறார்களாம். ராகிக் களியைத் தின்றதே இல்லையாம். அவர் பிய்த்துக் கொடுத்திருக்கிறார். தேனிக்காரர் மென்று பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறார். மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாராம். இதைச் சொல்லும்போது பேசியதுபோல, கம்பெனிக் காலத்தில்கூட அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு அஞ்சு உருண்டை வையி" என்றார்.

எங்களிடம் இருந்த டப்பாவில் மூன்றுக்கு மேல் போகவில்லை.

அந்த வாரம் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மாள் கூடையோடு எங்கள் காம்பவுண்டுக்கு வந்தாள். அவளிடம் ஒரு பெரிய சில்வர் டப்பா இருந்தது. என்னிடம் கொடுக்கத்தக்க பழைய துணி இல்லை, எல்லாம் கிழிந்து கரித்துணியாகிவிட்டவை. பீரோவைத் திறந்தேன். அக்கா, நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. விமான நிலையத்தில் நீ என் கையில் திணித்தாயே, பச்சையில் செம்பருத்திப் பூப்போட்ட பாத்தேக் துணி, அதை எடுத்தேன். பத்து வருடத்தில் நான் அதை ஒருமுறைகூடக் கட்டவில்லை. கட்டிக்கொண்டு போக இங்கே இடமும் இல்லை.

அந்த அம்மாள் துணியை வெயிலில் பிரித்து, விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கிழிசலே இல்ல. ஏன் குடுக்கற?"

"டப்பா வேணும்."

"இதுக்கு அந்தச் சின்ன டப்பா வரும்."

"சின்னது என்கிட்ட இருக்கு. பெரிசுதான் வேணும்."

"கூட ஏதாச்சும் போடு."

உள்ளே போய் அவருடைய பழைய கம்பெனி யூனிஃபார்ம் பேண்ட் இரண்டைக் கொண்டுவந்து மேலே வைத்தேன். அவள் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். துணியை மடித்துக் கூடையின் அடியில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அவள் தெரு முனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஆறு மணிக்கே களி கிண்டினேன். ஐந்து உருண்டையும் உள்ளே போனது. மூடி சரியாக உட்கார்ந்தது.